வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார்

ஜூன் 3, திங்கள்

கருவி மாட்டக் காலை 10.15-க்கு வருகிறேன் என்ற ஆஸ்பத்திரிப் பையன் 11.40-க்கு வந்தான். முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக உட்கார்ந்தவன் நான். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்த வண்டியை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டது இன்றுதான்.

வந்தவன் ஒரு டேப்லெட்டை என் மனைவி குமுதாவின் கட்டிலுக்கு எதிரே மேஜையில் நிற்கவைத்தான். ரத்த அழுத்தம் பார்க்க ஒரு கருவி. அவள் மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை. அதில் சிவப்புப் பொத்தான். விழுந்தால், மயக்கம் வந்தால் அமுக்க வேண்டும். அதற்குத் தனி சிம் இருக்கிறதாம். திட்டத்தின் பெயர் கைகோர்ப்பு. ஆஸ்பத்திரி டாக்டர், நர்ஸ், உடற்பயிற்சி சொல்லித்தருகிற பிசியோ, மதியச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், பேச்சுத் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்கிறவர்கள், எல்லோரும் இனி ஒரே கோப்பைத்தான் பார்ப்பார்களாம். "ஒரு இடத்துல சொன்னா போதும் சார், எல்லாருக்கும் போயிடும்" என்றான்.

குமுதாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இடது கால் இன்னும் இழுக்கிறது. அன்றிலிருந்து அவளுடைய சர்க்கரை, அழுத்தம், மாத்திரை எல்லாவற்றையும் டிப்போ ரிஜிஸ்டர் மாதிரி கட்டம் போட்டு எழுதிவருகிறேன். ஆறு நோட்டு. பெருமையாக எடுத்து நீட்டினேன். "பழசு எதுவும் இதுல ஏறாது சார். அம்மாவே வாயால பதில் சொல்லட்டும், அதுவே எழுதிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். ஆறு நோட்டையும் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

டேப்லெட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் கேள்வி கேட்க ஆரம்பித்தது. எனக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"என்னென்ன கேட்டுச்சு?"

"பிள்ளைங்க இருக்காங்களான்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். வீட்ல வேற யாருன்னு கேட்டுச்சு. வீட்டுக்காரர் மாடியில இருக்கார்னேன். பேரு என்னன்னுச்சு. பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மான்னுட்டேன். அதோட விட்டுடுச்சு."

மெஷினை 'அம்மா' என்கிறாள்.

ஜூன் 5, புதன்

காலை 6.30. "காலை வணக்கம், குமுதவல்லி அம்மா. இரவு நன்றாக உறங்கினீர்களா?"

அவ்வளவுதான். இவள் முழுக் கனவையும் சொல்கிறாள். ஏதோ ஒரு குளமாம், அதில் ஒரு கூடையாம். எட்டு நிமிடம். நானும் பதினான்கு மாதமாகத் தினமும் கேட்கிறேன், "தூங்கினியா?" என்று. "ம்" என்பாள். அதைத்தான் நோட்டில் 'தூக்கம்: சரி' என்று எழுதுவேன்.

கனவெல்லாம் வருகிறது என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 7, வெள்ளி

இன்று ஒரு கூத்து. "காலை உணவுக்குப் பின் வெள்ளை மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டது.

"பால் கலர் மாத்திரை போட்டாச்சு."

"மன்னிக்கவும், புரியவில்லை. வெள்ளை மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா?"

"அதான், பால் கலரு. போட்டாச்சும்மா."

என் பெயர் வெள்ளைச்சாமி. கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடம். என் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெயரில் பாதி இருக்கிற நிறத்தையும் சொல்ல மாட்டாள். என் சட்டை பால் கலர். வெள்ளைப்பூண்டு வெறும் பூண்டு. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் சுண்ணாம்படித்த சுவரைக் கைகாட்டுகிற ஜாதி. சுவரைக் காட்டி மெஷினுக்கு என்ன புரியும்?

ஐந்து தடவை கேட்டுவிட்டது. அடுத்து நர்ஸுக்குத் தகவல் போகும். அடுப்படியிலிருந்து நான் கத்தினேன்: "வெள்ளை போட்டாச்சு!"

"நன்றி. பதிவு செய்யப்பட்டது."

இந்த வீட்டில் என் சொல்லுக்கு உடனே மரியாதை கொடுத்தது அது ஒன்றுதான். ஆனாலும் எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

மதியச் சாப்பாடு வர ஆரம்பித்திருக்கிறது. உப்பு குறைத்து, கீரை வைத்து, சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஆளுக்கு. வீட்டில் இன்னொரு வயிறு இருப்பது அவர்களுக்குத் தெரியாதா? கேட்கக் கூச்சமாக இருந்தது.

"நல்லாருக்கா?" என்றேன்.

"நல்லாருக்கு. நீங்க கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க."

பதினான்கு மாதம் நான் வடித்த சோற்றுக்கு 'நல்லாருக்கு' வந்ததாக நினைவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேற்றைய சாம்பாரைச் சுடவைத்துத் தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

பேச்சுத் துணை என்று ஒரு ஏற்பாடு. இனி தினமும் மாலை நான்கு மணிக்கு டேப்லெட்டில் ஒருவர் அழைத்துப் பேசுவாராம். பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். தேவசகாயம் என்று ஒரு ஆள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஜங்ஷனில் அறிவிப்புச் செய்தவர். அந்தக் குரல்! முதலாம் நடைமேடையில் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே குழைத்துவைத்த குரல். டிப்போவில் எங்களுக்கு மைக் கிடையாது. விசில்தான்.

சரியாக 4.00-க்கு அழைத்தார். அதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் மாடிக்குப் போய்விட்டேன். கீழே இவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. 4.25 வரை பேச்சு.

ஜூன் 17, திங்கள்

பிசியோ அம்மா வந்து குமுதாவை வாக்கர் வைத்து நடக்கவிட்டார். நான் பக்கத்திலேயே கை நீட்டிக்கொண்டு நடந்தேன். போகும்போது வாசலில் நின்று, "நீங்க இவ்வளவு செய்யறீங்களே சார், இந்தக் காலத்துல யார் சார் செய்வாங்க? பெரிய மனசு உங்களுக்கு" என்றார்.

மனம் குளிர்ந்துவிட்டது. உள்ளே போய்க் குமுதாவிடம் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னடி சிரிப்பு என்றால் இன்னும் சிரித்தாள். புருஷனை ஒருவர் பாராட்டினால் சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஜூன் 20, வியாழன்

நான்கு மணிக்கு நான் மாடிக்குப் போவது காற்றுக்காக. படிக்கட்டுத் திருப்பத்தில் நல்ல காற்று வருகிறது. அங்கே நிற்கும்போது கீழே பேசுவது காதில் விழுந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்று விழுந்தது. குமுதா பள்ளியில் டென்னிகாய்ட் ஆடியிருக்கிறாள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கிற ஆட்டம். ஜில்லா அளவில் ஜெயித்துக் கோப்பை வாங்கியிருக்கிறாள். இடது கைக்காரிகள் எறிவதைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று விவரமாகச் சொல்கிறாள். அந்த ஆள், "அப்படியா மேடம், அப்புறம்?" என்கிறார். அவ்வளவுதான் அவருடைய திறமை. 'அப்புறம்.'

நாற்பத்து நான்கு வருடமாக ஒரே கூரை. டென்னிகாய்ட் என்ற வார்த்தையே இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. வேறு எவனோ ஒருவனிடம் போய் அதைச் சொல்கிறாள்.

இரவு சாப்பாட்டின்போது கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். "ம்" என்றாள்.

ஜூன் 24, திங்கள்

3.40-க்குத் தலை வாரச் சொன்னாள். வாரிவிட்டேன். பின்னல் கோணல் என்று அவிழ்க்கச் சொல்லி மறுபடி வாரவைத்தாள். பிறகு பவுடர்.

டாக்டர் டேப்லெட்டில் வரும் நாளில்கூடப் பவுடர் கிடையாது.

ஜூன் 27, வியாழன்

இன்று எண்ணினேன். காலையிலிருந்து படுக்கும் வரை 'தேவசகாயம் சார்' பதினொரு தடவை. தேவசகாயம் சார் மழை வரும்னார். தேவசகாயம் சார் வீட்ல பலா காய்ச்சிருக்காம். சார் என்று வால் ஒட்டிவிட்டால் மட்டும் பெயர் பெயரில்லாமல் போய்விடுமா? அவள் நாக்கில் ஒரு ஆண்பிள்ளையின் பெயர் இத்தனை சுலபமாகப் புரள்கிறது. எனக்கு ஒரு 'என்னங்க', ஒரு 'இந்தாங்க'.

பொறாமைதான். எழுதிவிட்டேன். எழுபத்திரண்டு வயதில், பார்த்தேயிராத ஒரு ரயில்காரன் மேல், வயிறு எரிகிறது. நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

ஜூலை 1, திங்கள்

டேப்லெட்டில் காலையிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. பழைய பிளக், அது தானாகக் கழலும்.

3.50: திரை அணைந்தது.
4.00: அழைப்பு வரவில்லை.
4.20: குமுதா விழுந்தாள். சார்ஜரை மாட்ட எழுந்திருக்கிறாள் போல. நான் மாடியில் இருந்தேன்.
4.41: ஆம்புலன்ஸ்.

எப்படி வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. பட்டையின் பொத்தானை அவளே அமுக்கியிருக்கிறாள். கேட் தட்டும் சத்தம் கேட்டுத்தான் நான் கீழே ஓடிவந்தேன். "ஹவுஸ் ஓனர் சார்தானே? கேட்டைத் தொறங்க சார், சீக்கிரம்" என்று ஒருவர் கத்தினார். என் வீடுதான், நான் ஓனர்தான். திறந்தேன். நெற்றியில் ரத்தத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண் பாதி மூடியிருந்தது. நானும் ஏறப் போனேன். "சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னு போட்டிருக்கு. நீங்க வேணா பின்னாடி ஆட்டோவுல வாங்க சார்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் அவள் புருஷன் என்று சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. செருப்பைக்கூட இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஜூலை 2, செவ்வாய்

நெற்றியில் ஆறு தையல். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். தலைக்குள் ஒன்றும் இல்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. சாமி காப்பாற்றினார்.

என்னை வார்டுக்குள் விடவில்லை. பார்வை நேரம் 4 முதல் 6. "உறவுக்காரங்கன்னா எப்ப வேணா வரலாம். நீங்க வீட்டு ஓனர்தானே?" என்றாள் வாசலில் இருந்த பெண். குமுதாவின் கைகோர்ப்புக் கோப்பை அச்சடித்து எடுத்துக் காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன்.

தனியாக வசிப்பவர். கணவர்: விவரம் இல்லை. பிள்ளைகள்: இல்லை. அவசரத் தொடர்பு: வீட்டு உரிமையாளர், மாடி.

'வீட்டுக்காரர் மாடியில இருக்கார்.' அடப் பாவி மெஷினே!

இப்போது எல்லாம் வரிசையாகப் புரிகிறது. ஒரு ஆள் சாப்பாடு. பிசியோ அம்மாவின் பெரிய மனசு. நான்கு மணிப் பேச்சு: அது தனியாகக் கிடக்கிறவர்களுக்கு மட்டும் உண்டான ஏற்பாடாம். முன்பெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி தப்பாக எழுதினால் இன்னொரு ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கும். இப்போது கைகோர்த்துவிட்டார்கள், எல்லோரும் ஒரே தப்பைப் படிக்கிறார்கள். நான் அவள் கணவன் என்றேன். ஆதார் கொண்டுவாங்க என்றாள். என் போன் நம்பரை மட்டும் அந்த உரிமையாளர் வரிக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொன்னாள். தனியாக இருக்கிறவர் விழுந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்களாம். சனிக்கிழமை முதல் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் குமுதவல்லிக்கு ஒரு கட்டில் தயார். யாரும் கேட்கவில்லை, கோப்பே போய் இடம் பிடித்துவிட்டது.

4.00 மணிக்கு உள்ளே போக வரிசையில் நின்றேன். பக்கத்தில் ஒரு சின்ன உருவம், கைத்தடி, காதில் கருவி, கையில் ஒரு பலாச்சுளைப் பொட்டலம். வாசல் பெண் என்னைக் கைகாட்டியிருப்பாள் போல, "ஹவுஸ் ஓனர் சாரா?" என்றது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. இந்தக் குரல் இந்த உடம்பிலிருந்தா வருகிறது? எழுபத்தைந்துக்குக் குறையாது. நான் எத்தனையோ நாளாக மீசையும் உயரமுமாக ஒருவனை நினைத்து வைத்திருந்தேன்.

"பட்டையை அமுக்கினா எனக்கும் மெசேஜ் வரும். நேத்து நாலு மணிக்குக் கூப்பிட்டேன், டேப்லெட் அணைஞ்சிருந்துது. மனசே சரியில்லை சார்."

நான் நகர்ந்து அவரை எனக்கு முன்னால் விட்டேன்.

"உங்களைப் பத்தி நிறைய சொல்வாங்க. அவங்க பேசறதுல பாதி நீங்கதான். வீட்டுக்காரர் உப்பில்லாம தோசை வார்ப்பார், வீட்டுக்காரர் நோட்டுல கோடு போட்டு எழுதுவார், வீட்டுக்காரர் இப்ப மாடிப்படியில நின்னு ஒட்டுக்கேக்கறார்னு. ஒரு ஹவுஸ் ஓனர் இவ்வளவு பாசமா இருப்பாரான்னு எனக்கு ஆச்சரியம்."

"நான் அவ புருஷன்" என்றேன்.

அவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, "என்ன சொன்னீங்க?" என்றார். மறுபடி சொல்லவேண்டி வந்தது. இந்தத் தடவை வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஜூலை 3, புதன்

ஆதார், ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ எல்லாவற்றையும் மஞ்சள் பையில் எடுத்துப்போனேன். இதுவரை திரையில் முகம் மட்டும் தெரிந்த நர்ஸ் பர்வீன் நேரில் வந்திருந்தாள். போட்டோவைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. எங்க அம்மாவும் வாப்பாவை வீட்டுக்காரர்னுதான் சொல்வாங்க. மெஷினுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவங்களுக்கு இது தோணலை. இப்பவே மாத்திடறேன்."

என் எதிரிலேயே தட்டினாள். கணவர்: வெள்ளைச்சாமி. நெஞ்சு நிறைந்தது. அந்த இல்லத்துக் கட்டிலையும் ரத்து செய்துவிடு என்றேன்.

"அதை அம்மாதான் சொல்லணும் ஐயா. தனியாக் கேக்கணும்னு விதி. கொஞ்சம் வெளிய இருங்க."

திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். ஒரு நிமிட வேலை என்று நினைத்தேன். பர்வீன் கேட்டாள். பிறகு குமுதாவின் குரல்: "ரெண்டு நாள் டைம் குடும்மா. யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கிறாளாம்.

ஜூலை 4, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு மாதிரி எழுதினால் எனக்கே வெட்கம்.

காலையில் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உறவுக்காரன் அட்டை கழுத்தில் தொங்கியது. "என்ன யோசனை?" என்றேன்.

"பர்வீன் சொல்லுச்சு, அங்க பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க இருக்காங்களாம். சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசுவாங்களாம்."

"இங்க பேச ஆளில்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க என்கிட்ட ஒரு நாளைக்கு மூணு கேள்வி கேப்பீங்க. தூங்கினியா, மாத்திரை போட்டியா, சுகர் எவ்வளவு. மூணுக்கும் பதில் வாங்கி நோட்டுல எழுதிட்டு மூடிடுவீங்க. பொறுப்பாத்தான் பாக்கறீங்க, நான் குறை சொல்லலை. ஆனா அந்த நோட்டுல நான் எங்க இருக்கேன்?"

எனக்குக் கோபம் வந்தது. மலம் அள்ளிய கை இது என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

"தனியா வசிப்பவர்னு அதுல எழுதியிருந்ததை ரெண்டாவது வாரமே பாத்துட்டேன்" என்றாள். "தப்புன்னு தெரியும். சொல்லத் தோணலை."

"ஏன்?"

"தனியா இருக்கறவள்னா எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க. புருஷன் கூட இருக்கான்னா யாரும் கேக்கறதில்லை. புருஷனும் கேக்கறதில்லை."

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"குமுதா, அந்த பிளக்..."

"தெரியும்."

"தானா கழண்டுடுச்சு."

"பிளக்கு தானா கழலும். சுவிட்சு தானா அணையுமா?"

இல்லை. காலை 9.10-க்கு நான்தான் அணைத்தேன். பிளக்கையும் நான்தான் உருவினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த ஆள் அழைத்து இவள் எடுக்காமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு அதை மாட்ட எழுவாள் என்று நினைக்கவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தில் நான் எழுதியது பொய். டிப்போவில் முப்பத்தோரு வருடத்தில் ஒரு பொய் நேரம் எழுதியதில்லை.

"நான்தான்" என்றேன். அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குமுதா நல்ல கையால் துண்டை எடுத்து நீட்டினாள். அப்புறம், "மூக்கைத் துடைங்க, நர்ஸ் வருது" என்றாள்.

மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

வீட்டில் தனியாக இருந்தேன். நேற்று இரவு சார்ஜில் போட்டுவைத்திருந்த அந்த டேப்லெட் ஆறரைக்குத் தானாக விழித்து, "காலை வணக்கம், குமுதவல்லி அம்மா. இரவு நன்றாக உறங்கினீர்களா?" என்றது. மூன்று தடவை கேட்டுவிட்டு நின்றது. பதில் சொல்ல யாரும் இல்லை.

ஜூலை 6, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். இல்லத்துக் கட்டில் வேண்டாம் என்று நேற்று சாயங்காலமே சொல்லிவிட்டாளாம். என்னிடம் சொன்னது இன்று காலையில்தான், ஆட்டோவில் ஏறும்போது.

"ஏன் வேண்டாம்னே?"

"அங்க தோசையெல்லாம் மெஷின்ல வார்ப்பாங்களாம்."

மருந்துப் பையை வாங்கிக்கொண்டு நானும் ஏறினேன்.

பர்வீன் போனில் அழைத்து எல்லாம் சரிசெய்துவிட்டதாகச் சொன்னாள். சாப்பாடு இனி இரண்டு பேருக்கு. பட்டையை அமுக்கினால் முதல் அழைப்பு எனக்கு. கடைசியாகக் கொஞ்சம் தயங்கி, "நாலு மணிப் பேச்சு மட்டும் நின்னுடும் ஐயா. தனியா இருக்கறவங்களுக்குத்தான் அந்த வசதி. காத்துக்கிட்டிருக்கறவங்க நிறைய பேர்" என்றாள்.

குமுதாவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை.

ஜூலை 8, திங்கள்

3.40-க்குத் தலை வாரச் சொல்லவில்லை. நானாகவே சீப்பை எடுத்துப் போனேன். வாரவிட்டாள்.

3.58-க்கு டேப்லெட் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். 4.00 ஆனது. 4.10 ஆனது. திரையில் தேதியும் வெயில் அளவும் மட்டும்தான். அழைப்பு வராது என்பது அவளுக்குத் தெரியும். பழக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் மாடிக்குப் போகவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுக் கொடுக்கலாம் என்று எதிரே போய் உட்கார்ந்தேன். வாயிலிருந்து வந்தது, "சுகர் பாத்துடலாமா?"

"பாருங்க" என்று விரலை நீட்டினாள். 148.

ஜூலை 9, செவ்வாய்

நேருக்கு நேர் உட்கார்ந்தால் எனக்கு வரவில்லை. நாற்பத்து நான்கு வருடமாகப் பழகாத வேலை. முகத்தைப் பார்த்தால் மாத்திரைதான் ஞாபகம் வருகிறது.

ஏழாவது நோட்டு ஒன்று வாங்கினேன். கட்டம் போடவில்லை. கேள்விகள் எழுதினேன். டென்னிகாய்ட்டில் ஜெயித்த கோப்பை இப்போது எங்கே இருக்கிறது? இடது கைக்காரி எறிந்தால் எப்படிப் பிடிப்பாய்? கனவில் வந்த கூடையில் என்ன இருந்தது? நான்காவது கேள்வியை எழுதி அடித்துவிட்டேன். அது பிளக்கைப் பற்றியது.

பர்வீனுக்கு போன் செய்து, டேப்லெட்டை என் போனிலிருந்து எப்படி அழைப்பது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். "ஒரே வீட்டுக்குள்ளயா ஐயா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 10, புதன்

3.40: தலை வாரினேன். பின்னல் நேராக வந்தது. பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினேன். "எதுக்கு?" என்றாள். "சும்மா போடேன்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

3.50: வாக்கரை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். சார்ஜர் பிளக்கை அழுத்திப் பார்த்தேன். சுவிட்சைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாம் தடவையும் பார்த்தேன். அவள் என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

3.55: தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்கு ஏறினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் நிற்கவில்லை. மேலே வெயிலில் போய் நின்றேன். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

4.00: அழைத்தேன்.

கீழே அந்தச் சுத்தத் தமிழ்க் குரல் மாடி வரை கேட்டது. "வீட்டு உரிமையாளர் அழைக்கிறார். வீட்டு உரிமையாளர் அழைக்கிறார்." கணவர் வரியை மாற்றினார்கள், என் நம்பருக்குப் பக்கத்திலிருந்த பழைய வரியை எவரும் தொடவில்லை. எடுக்காமல் விட்டுவிடுவாளோ என்று இருந்தது. வைத்துவிடலாமா என்றும் இருந்தது. மூன்றாவது தடவையும் மெஷின் சொன்னது.

முதலில் சிரிப்புத்தான் கேட்டது. மாடிப்படி வழியாக ஒன்று, போன் வழியாக ஒன்று, இரண்டும் ஒரே சிரிப்பு. பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சொல்லுங்க, வெள்ளைச்சாமி சார்."

நோட்டில் மூன்று கேள்வி இருந்தது. ஒன்றையும் படிக்க முடியவில்லை, கண்ணாடி நனைந்துவிட்டது. "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

4.47: பேச்சு முடிந்தது. மாத்திரை பற்றிக் கேட்கவில்லை.